உறைந்த சொசேஜும் சுழல்காற்றும்

காலை உணவுக்கென உறைந்த நிலையில் விற்கப்படும் சிறு சொசேஜ்களை, எண்ணெய் ஊற்றாமலே பொரித்தெடுக்கும் எயார் ஃபிரையர் இன்று பல வீடுகளின் அடுக்களையை அடைந்துவிட்டது. புதுமை என்று அதனை வியக்கின்றோம். அதன் பின்னேயுள்ள வரலாறோ இருநூறாண்டுகளுக்கு மேற்பட்டது. அதன் தொடக்கம் சாவோடு தொடர்புடையது.

சொசேஜ் என்னும் சொல், உப்பிடப்பட்டது எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. கொத்திய இறைச்சியை உப்பிட்டு, விலங்கின் குடலில் அடைத்துச் சேமித்தல் ஐரோப்பியரின் பழைய வழக்கம். அவ்வழக்கம் எப்போதும் அவர்களைக் காத்துவிடவில்லை. 1793ஆம் ஆண்டில், தென் ஜேர்மனியின் வில்ட்பாட் என்னும் ஊரில், இரத்தச் சொசேஜ் உண்டு நோயுற்ற பதின்மூவருள் அறுவர் மாண்டனர். அந்நாட்டு வைத்தியரும் கவிஞருமான யுஸ்ரினுஸ் கேர்னர் இத்தகைய நோயாளரை ஆராய்ந்து 1820இலும் 1822இலும் நூல்கள் வெளியிட்டார். இமை தளர்தல், விழுங்க இயலாமை, இறுதியில் மூச்சு ஓய்தல் என நோயின் குறிகளை அவர் விவரித்துள்ளார். நஞ்சின் துளிகளைத் தாமே அருந்தியும் சோதித்தார்! காற்றுப் புகாத இடத்திலேயே அந்நஞ்சு விளைகிறது என்பதையும் கண்டுகொண்டார். நோய்க் கிருமிகளைப் பற்றிய அறிவு பரவுவதற்கு நெடுங்காலத்துக்கு முன்பே ஒருவர் இவ்வளவு கண்டார் என்பதை, போர்களின் ஆண்டுகளையே மனனஞ் செய்யும் நம் மாணவரும் அறிதல் வேண்டும். சொசேஜைக் குறிக்கும் மற்றோர் இலத்தீன் சொல்லான பொற்றுலஸ் என்பதிலிருந்தே பொற்றுலிசம் என்னும் நோய்ப்பெயர் பிறந்தது.

உப்பும் புகையும் முழுமையாக ஆற்றாத காவலைக் குளிர் ஆற்றியது. 1912ஆம் ஆண்டில் லாப்ரடோர் சென்ற அமெரிக்கரான கிளாரன்ஸ் பேர்ட்சை, அங்குள்ள இனுயிற் மக்கள் பிடித்த மீன் கடுங்குளிரில் நொடியில் உறைவதையும், பின்னர் உருகியபோதும் சுவை குன்றாதிருப்பதையும் கண்டார். மெல்ல உறைந்தால் பனித்துகள் பெரிதாகித் தசையைக் கிழிக்கும். விரைந்து உறைந்தால் அவ்வாறு நேராது. இவ்வுண்மையை அவர் பொறியாக்கினார். 1930 மார்ச் 6ஆம் நாள், மாசச்சூசெற்ஸ் மாநிலத்துச் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில், அவர் முறையில் உறைந்த உணவுகள் கடைகளில் விற்பனைக்கு வந்தன.

உறைந்ததை விரைவாகச் சூடாக்குவது எவ்வாறு? நியூயோர்க்கைச் சேர்ந்த வில்லியம் மக்சன் 1945இல் விடை கண்டார். அவருடைய நிறுவனம் விமானங்களைச் சுட்டு வீழ்த்தும் துப்பாக்கிகளுக்குத் தாங்கிகள் செய்தது. அவரோ விமானத்தில் செல்வோர் உண்ணுதற்கு அடுப்புச் செய்தார். உறைந்த பொருளைச் சூழ்ந்து நிற்கும் குளிர்ந்த காற்றுப் படலத்தை விசிறியால் அகற்றி, வெப்பக் காற்றை இடைவிடாது மோதச் செய்வதே அச்சுழல்காற்று அடுப்பின் நுட்பம். மக்சன் 1947இல் காலமானார். ஒல்லாந்து நாட்டுப் பிலிப்ஸ் நிறுவனம் 2010இல் வெளியிட்ட எயார் ஃபிரையரும் இந்நுட்பத்தின் வழிவந்ததே. கூடையும் சிற்றறையும் சேர்ந்தமையால் காற்றின் வேகம் மிகுந்தது.

நேயர்கள் ஒன்றைக் கருத்திற் கொள்ளுதல் நன்று. குளிர் கிருமிகளின் பெருக்கத்தை நிறுத்துமேயன்றி அவற்றை முற்றாக அழிப்பதில்லை. சுழல்காற்று மேற்றோலை விரைவிற் பொன்னிறமாக்கும்; நடுப்பகுதி அப்போதும் வேகாதிருக்கலாம். ஆகவே சொசேஜ்களை ஒன்றன்மேல் ஒன்று குவியாது பரப்பி, இடையே புரட்டிவிட்டு, பன்றி அல்லது மாட்டிறைச்சியாயின் நடுவில் 71 பாகை செல்சியஸ், கோழியாயின் 74 பாகை வரும்வரை வேகவிடுதல் வேண்டும்.