சுரங்க மீட்புப் போட்டி: தங்கவயலிலிருந்து தொடங்கும் ஒரு கதை

நம் பக்கத்துப் பெரியவர்கள் "மைன்ஸ்" என்று சொன்னால் அது ஒரே ஊரைத்தான் குறிக்கும்: கோலார் தங்கவயல். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல்தான். அதற்கு முன் அதுவும் தர்மபுரி மாவட்டம். 1965 அக்டோபருக்கு முன்போ எல்லாமே சேலம் ஜில்லா. மழை பொய்த்த வருஷங்களில் இங்கிருந்தும் வடாற்காட்டிலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் பங்காருப்பேட்டை வழியாகத் தங்கவயலுக்குப் போனார்கள். "மைன்ஸுக்குப் போயிட்டான்" என்றால் பிழைக்கப் போய்விட்டான் என்று பொருள். திரும்பி வராதவர்களைப் பற்றிப் பேசும்போதும் அதே வார்த்தைதான்.

காலையில் கூட நடக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் ஒரு கேள்வி கேட்டார். "சார், சுரங்கம் இடிஞ்சா, தீப்பிடிச்சா, உள்ளே போய் ஆளை எடுக்கறது யாரு? அவங்களுக்கு யாரு கத்துக்கொடுப்பா?" தீயணைப்புத் துறை என்றுதான் அவர் நினைத்திருந்தார். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நான் சேலம் பக்கம் வெள்ளைக்கல் சுரங்கம் ஒன்றின் டைம் ஆபீஸில் வேலை பார்த்தவன். எங்களுடையது திறந்தவெளிச் சுரங்கம். ஆனாலும் வருஷா வருஷம் பாதுகாப்பு வாரம் வரும், முதலுதவிப் போட்டி நடக்கும், அந்தச் சாக்கில் இந்தச் சங்கதிகள் காதில் விழுந்துகொண்டே இருந்தன. நண்பருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

தங்கவயலில் ஜான் டெய்லர் கம்பெனி 1880 வாக்கில் வேலையைத் தொடங்கியது. 1897இல் அங்கே நடந்த ஒரே விபத்தில் 52 பேர் இறந்தார்கள். இரண்டு வருஷம் கழித்து, இப்போது பாகிஸ்தானில் இருக்கும் பலுசிஸ்தானத்துக் கோஸ்ட் நிலக்கரிச் சுரங்கத்தில் 47 பேர். இந்த இரண்டும்தான் வெள்ளைக்கார சர்க்காரை அசைத்தன. 1901இல் இந்தியாவின் முதல் சுரங்கச் சட்டம் வந்தது. 1902 ஜனவரியில் கல்கத்தாவில் சுரங்க ஆய்வு அலுவலகம் திறந்தார்கள். பின்னால் அது தன்பாத்துக்குப் போனது. இன்று சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம் என்று சொல்கிறோமே, அதன் ஆரம்பம் இதுதான். இந்தியா முழுவதற்குமான ஒரு சட்டத்துக்கு நம் பக்கத்து ஊர்ச் சாவுகளும் ஒரு காரணம் என்பது பலருக்குத் தெரியாது.

ஆனால் சட்டம் வந்ததால் மட்டும் புகைக்குள் யாரும் போய்விட முடியாது. அதற்குக் கருவி வேண்டும், அந்தக் கருவியை நம்பும் மனசு வேண்டும். 1906 மார்ச்சில் பிரான்ஸின் கூரியேர் சுரங்கத்தில் நிலக்கரித் தூசு வெடித்து 1,099 பேர் இறந்தார்கள். ஐரோப்பாவில் அதைவிடப் பெரிய சுரங்க விபத்து கிடையாது. அப்போது எல்லை தாண்டி ஜெர்மனியிலிருந்து, பகை நாட்டிலிருந்து, மூச்சுக் கருவிகளோடு பயிற்சி பெற்ற ஓர் அணி வந்தது. பிரெஞ்சுக்காரர்களிடம் அப்படி ஓர் அணி இல்லை. விபத்து நடந்து 20 நாள் கழித்து 13 பேர் இருட்டிலிருந்து தாங்களாகவே நடந்து வெளியே வந்தார்கள். இன்னும் சில நாள் கழித்து மேலும் ஒருவர். தேடுவதைச் சீக்கிரமே நிறுத்திவிட்டார்களே என்று ஊரே கொதித்தது. தயாராக இருக்கும் அணி ஒன்று பக்கத்திலேயே வேண்டும் என்பது உலகத்துக்கு உறைத்தது அப்போதுதான்.

அமெரிக்காவில் 1907 டிசம்பரில் மோனோங்கா சுரங்கம் வெடித்து 362 பேர் போனார்கள். 1910இல் சுரங்கங்களுக்கென்று தனி அரசுத் துறை வந்தது. அதன் முதல் இயக்குநர் ஜோசப் ஹோம்ஸ். மீட்புக் கருவிகளை ரயில் பெட்டிகளில் ஏற்றி ஊர் ஊராக அனுப்பி, தொழிலாளிகளுக்குப் பயிற்சி கொடுக்க ஏற்பாடு செய்தார். 1911 அக்டோபர் கடைசியில் பிட்ஸ்பர்க் நகரத்து பேஸ்பால் மைதானத்தில், நாடெங்கும் இருந்து வந்த சுரங்கத் தொழிலாளிகள் முதலுதவியும் மீட்பும் செய்து காட்டினார்கள். ஜனாதிபதி டாஃப்ட் நேரில் வந்து பார்த்தார். நம் ஊரில் மஞ்சுவிரட்டுக்குக் கூடுவதுபோலக் கூட்டம் கூடி மீட்புப் பணியைப் பார்ப்பது என்பது அங்கே அப்படித்தான் பழக்கமானது. போட்டி வைத்தால் தொழிலாளி தானாகவே பழகுவான், கம்பெனியும் மானத்துக்காகவாவது கருவி வாங்கும். இந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது.

நம் நாட்டுக்கு அது வருவதற்கு இன்னும் சாவுகள் தேவைப்பட்டன. 1936 ஜனவரியில் லோயாபாத் சுரங்கத்தில் 35 பேர், அதே வருஷம் டிசம்பரில் பொய்தி சுரங்கத்தில் 209 பேர். 1939இல் நிலக்கரிச் சுரங்க மீட்பு விதிகள் வந்தன. 1941இல் தன்பாத் அருகே தன்சாரிலும், வங்காளத்தில் சீதாராம்பூரிலும் மீட்பு நிலையங்கள் திறந்தார்கள். (நம்மூர் மொரப்பூர் – ஓசூர் சின்ன ரயிலைப் பிடுங்கியதும் அதே 1941இல்தான். யுத்த காலம், ஒரு பக்கம் கட்டினார்கள், ஒரு பக்கம் கழற்றினார்கள்.) இப்போது நடப்பில் இருப்பவை 1985ஆம் வருஷத்து விதிகள். நிலக்கரி மட்டுமல்ல, மற்ற உலோகச் சுரங்கங்களுக்கும் சேர்த்து.

என் தாய்மாமன் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் பக்கம் வேலை செய்தவர். அவருடைய ட்ரங்குப் பெட்டியில் ஒரு சின்னப் பித்தளைக் கோப்பை இருந்தது. முதலுதவிப் போட்டியில் வாங்கியது. அத்தை அதில் விபூதி போட்டு வைத்திருந்தார். மாமா மீட்புப் பயிற்சியும் எடுத்தவர். அந்தக் காலத்து "புரோட்டோ" கருவியைப் பற்றி அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். லண்டன் சீப் கோர்மன் கம்பெனி செய்தது. முதுகில் ஆக்ஸிஜன் உருளை, நெஞ்சில் ஒரு பை, பைக்குள் நாம் விடும் மூச்சிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்ளும் மருந்து. சுமார் 15 கிலோ எடை. இரண்டு மணி நேரம் தாங்கும்.

"வாயில ரப்பர், மூக்குல கிளிப்பு. பேச முடியாது, மாப்ள. ஹாரன் சத்தந்தான் பாஷை. நில்லுன்னா நிக்கணும், திரும்புன்னா திரும்பணும். ஏன்னு கேக்கக் கூடாது" என்பார். கேட்கவும் முடியாதே என்று நான் சிரித்தால், "அதுக்குத்தான் வாயை அடைச்சு வெச்சிருக்கான் வெள்ளைக்காரன்" என்று அவரும் சிரிப்பார். தங்கவயல் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம். அடியில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். அந்த ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் திடீரென்று வெடிக்கும், ராக் பர்ஸ்ட் என்பார்கள். அந்தச் சூட்டில் 15 கிலோவைச் சுமந்துகொண்டு, வாயை அடைத்துக்கொண்டு, இடிபாட்டுக்குள் போவதை நினைத்துப் பாருங்கள்.

இனி போட்டிக்கு வருகிறேன். அகில இந்திய சுரங்க மீட்புப் போட்டி இதுவரை ஐம்பது தடவைக்கு மேல் நடந்திருக்கிறது. கோல் இந்தியாவின் துணைக் கம்பெனிகள், தெலங்கானாவின் சிங்கரேணி, டாடா ஸ்டீல், ஹிந்துஸ்தான் ஜிங்க், யுரேனியம் கம்பெனி என்று பல இடங்களிலிருந்து அணிகள் வரும். ஓட்டப் பந்தயம்போல யார் முந்துகிறார் என்பது மட்டும் இதில் கணக்கில்லை. எழுத்துப் பரீட்சை உண்டு. கருவியைச் சோதித்து மாட்டுவது உண்டு. முதலுதவி உண்டு. கடைசியில் புகை நிரப்பிய செயற்கைச் சுரங்கப் பாதைக்குள் அணியை அனுப்புவார்கள். உள்ளே எங்கே தீ, எங்கே வாயு, எங்கே கூரை தளர்ந்திருக்கிறது, எத்தனை பேர் விழுந்து கிடக்கிறார்கள் என்பது அணிக்குத் தெரியாது. கையில் ஒரு வரைபடம், அவ்வளவுதான். அதுவும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது, நிஜ விபத்திலும் அப்படித்தானே.

நடுவர்கள் கையில் பேப்பரோடு பின்னாலேயே வருவார்கள். கூரையைத் தட்டிப் பார்க்காமல் அடியில் நின்றால் மார்க் போச்சு. கதவைத் திறக்கும் முன் அந்தப் பக்கத்து வாயுவைச் சோதிக்காவிட்டால் மார்க் போச்சு. விழுந்து கிடப்பவரைக் கண்டதும் பதறி ஓடினாலும் போச்சு. தலைவர் அடிக்கடி அணியை நிறுத்தி ஒவ்வொருவருடைய ஆக்ஸிஜன் அளவையும் பார்க்க வேண்டும். இதில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு. யாரிடம் ஆக்ஸிஜன் குறைவாக இருக்கிறதோ, அவருடைய கணக்குதான் அணி முழுவதற்கும் கணக்கு. ஐந்து பேரிடம் நிறைய இருந்தாலும் ஆறாவது ஆளுக்காக எல்லோரும் சேர்ந்து திரும்ப வேண்டும். தனியே யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது.

இதெல்லாம் நாடகம், நிஜ விபத்தில் உதவாது என்று சொல்கிறவர்கள் உண்டு. எங்கள் ஆபீஸிலேயே ஓர் அதிகாரி அப்படிச் சொல்வார், கோப்பைக்காகவே தனியாக ஆறு பேரைத் தீனி போட்டு வளர்க்கிறார்கள் என்று. அதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. போட்டியில் கூரை நிஜமாகவே தலையில் விழாது. பரிசுக்கென்று ஓர் அணியை மட்டும் பழக்கிவிட்டு மற்றவர்களை விட்டுவிட்டால் பயனில்லை. 1989 நவம்பரில் ராணிகஞ்ச் மகாவீர் சுரங்கத்தில் தண்ணீர் புகுந்து 71 பேர் சிக்கியபோது எந்தப் போட்டிப் பாடத்திலும் இல்லாத வழிதான் கைகொடுத்தது. மேலிருந்து துளை போட்டு, ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இரும்புக் கூண்டு செய்து இறக்கினார்கள். பொறியாளர் ஜஸ்வந்த் சிங் கில் தானே அதில் முதலில் இறங்கி, 65 பேரை ஒவ்வொருவராக மேலே அனுப்பினார். ஆறு பேர் இறந்துபோனார்கள். 2023 நவம்பரில் உத்தராகண்ட் சில்க்யாரா சுரங்கப் பாதையில் 41 பேர் 17 நாள் அடைபட்டிருந்தபோதும், பெரிய எந்திரம் உடைந்த பிறகு கையால் தோண்டும் எலிவளைத் தொழிலாளிகள்தான் கடைசி தூரத்தைத் திறந்தார்கள்.

இருந்தாலும் போட்டி கற்றுக்கொடுப்பது வீரத்தை அல்ல என்பது என் அபிப்பிராயம். எப்போது உள்ளே போகக் கூடாது என்பதைத்தான் அது கற்றுக்கொடுக்கிறது. 2007 ஆகஸ்டில் அமெரிக்காவின் கிராண்டல் கான்யன் சுரங்கத்தில் சிக்கிய ஆறு பேரைத் தேடிப் போனவர்களில் மூன்று பேர் பாறை வெடித்து இறந்தார்கள். உடனே உள்ளே போவதை நிறுத்தினார்கள். 2010 நவம்பரில் நியூசிலாந்தின் பைக் ரிவர் சுரங்கம் வெடித்து 29 பேர் உள்ளே இருந்தபோது, வாயு நிலவரம் தெரியாமல் மீட்பு அணியை அனுப்ப மறுத்தார்கள். வாசலில் உறவினர்கள் கதறினார்கள். ஐந்தாம் நாள் இரண்டாவது வெடிப்பு நடந்தது. அணி உள்ளே இருந்திருந்தால் அவர்களும் போயிருப்பார்கள். அந்த முடிவை எடுத்தவர்களை இன்றும் திட்டுகிறவர்கள் உண்டு. நான் அதில் சேரமாட்டேன்.

இதை இவ்வளவு தூரம் எழுதுவதற்குக் காரணம் நம் ஊர்க் கிணறுகள். தர்மபுரி வறண்ட மாவட்டம். அறுபது அடி, எண்பது அடி கல்கிணறுகள் எத்தனை! தூர் வார இறங்கியவன் மயங்கி விழுவான். தம்பி இறங்குவான், அவனும் விழுவான். பக்கத்துக் காட்டுக்காரன் ஓடிவந்து இறங்குவான். ஒரே கிணற்றில் மூன்று பிணம் என்ற செய்தியை நாம் எத்தனை தடவை படித்திருக்கிறோம்? இப்போது அதே கதை மலக்குழிகளில் நடக்கிறது. முதலில் விழுந்தவனுக்காவது தெரியாது. பின்னால் போகிறவன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போகிறான், பாசம் அவனை நிற்க விடுவதில்லை.

நம் பெரியவர்கள் கயிற்றில் லாந்தரைக் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள், அணைந்தால் இறங்க மாட்டார்கள். நல்ல பழக்கம். ஆனால் அது பாதி உண்மையைத்தான் சொல்லும். காற்றில் சாதாரணமாக 21 சதம் இருக்கும் ஆக்ஸிஜன் 16 சதத்துக்கு அருகே இறங்கினால் விளக்கு அணையும். இலை தழை மக்கிக் கரியமில வாயு அடியில் தேங்கிய கிணற்றுக்கு அது பொருந்தும். கிணற்று மேடையில் ஆயில் இஞ்சினை ஓட்டினாலோ, வெடி வைத்த புகை தங்கினாலோ கார்பன் மோனாக்ஸைடு சேரும். அதற்கு நிறமில்லை, வாசமில்லை. விளக்கு ஜோராக எரிந்துகொண்டிருக்கும், ஆள் விழுந்துவிடுவான். அதனால்தான் சுரங்க மீட்பு அணிகள் கையில் வாயு அளக்கும் கருவி இல்லாமல் ஓர் அடி எடுத்து வைப்பதில்லை. தீயணைப்புக்காரர்கள் மூச்சுக் கருவியோடு வரும்வரை மேலேயே நிற்பதும், இறங்குகிறவன் இடுப்பில் முதலிலேயே கயிறு கட்டி மேலே இரண்டு பேர் பிடித்திருப்பதும்தான் நம்மால் முடிந்தது.

தங்கவயல் 2001 பிப்ரவரி 28இல் மூடிவிட்டார்கள். மாமா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். போட்டிகள் வேறு ஊர்களில் தொடர்கின்றன. 1999இல் அமெரிக்காவில் தொடங்கிய சர்வதேசப் போட்டி நாடு நாடாகப் போகிறது. சுரங்கத்தின் அடியில் பெண்கள் வேலை செய்யக் கூடாது என்று நெடுங்காலம் சட்டம் இருந்தது. யுத்த காலத்தில் ஆள் பற்றாக்குறையால் 1943இல் தளர்த்தி, 1946இல் மறுபடி தடுத்தார்கள். 2019 ஜனவரியில்தான் நிபந்தனைகளோடு விலக்குக் கொடுத்தார்கள். 2024இல் கொலம்பியாவில் சர்வதேசப் போட்டி நடந்தபோது, இந்தியாவிலிருந்து ஹிந்துஸ்தான் ஜிங்கின் பெண்கள் அணி ஒன்று மூச்சுக் கருவியை மாட்டிக்கொண்டு இறங்கியது. நண்பரிடம் இதைச் சொன்னபோது நடப்பதை நிறுத்திவிட்டார். பேத்தி மைனிங் இன்ஜினீயரிங் படிக்கிறேன் என்கிறாளாம், வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லையாம். அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.