வறுமைக்காக வீடு கலைக்கப்படலாமா?
அமெரிக்கக் குழந்தை நல வரலாற்றில் உறவினரின் இடம்

பெற்றோர் இறந்தோ, நோயுற்றோ, பிழைப்பிழந்தோ தளர்ந்துபோன வீட்டின் பிள்ளைகளைப் பாட்டியும் அத்தையும் மூத்த சகோதரியும் ஏற்று வளர்ப்பது எல்லா நாடுகளிலும் உள்ள பழைய வழக்கம். இவ்வழக்கத்தை வரலாறு பெரிதாகப் பதிவு செய்வதில்லை. அநாதை இல்லம் ஒன்று நிறுவப்பட்டால் அதற்கு அடிக்கல்லும் ஆண்டறிக்கையும் உண்டு. பேரனை வளர்த்த பாட்டிக்கு அவை இல்லை. ஆகவே குழந்தை நலத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் நிறுவனங்களின் வரலாற்றையே எழுதிவிடுகின்றனர். தளர்ந்த குடும்பத்தையும் அதற்குத் தோள்கொடுக்கும் உறவினரையும் அரசும் திருச்சபையும் எவ்வாறு நடத்தின என்னும் கேள்வியை முன்வைத்து, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அனுபவத்தை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. அந்நாட்டில் இக்கேள்வி சட்டங்களிலும் தீர்ப்புகளிலும் வெளிப்படையாக எழுந்தமையால் நாம் கற்றுக்கொள்ளத்தக்கவை அங்குப் பல உள.

1. கடமை உண்டு, உதவி இல்லை

அமெரிக்கக் குடியேற்றங்கள் இங்கிலாந்தின் ஏழையர் சட்டத்தைத் தம்முடன் கொண்டுவந்தன. 1601ஆம் ஆண்டின் அச்சட்டம் ஏழைகளைப் பேணும் பொறுப்பை வசதியுள்ள பெற்றோர், பாட்டன், பாட்டி, பிள்ளைகள் ஆகியோர்மீது சுமத்தியது. அப்பொறுப்பை ஏற்க உறவினரால் இயலாதபோது, ஏழைப் பிள்ளைகளை ஊர் அதிகாரிகள் பிறரிடம் தொழில் பயில ஒப்பந்தம் செய்து அனுப்பலாம். உறவினருக்குக் கடமை உண்டு, ஆனால் அக்கடமையைச் செய்ய உதவி இல்லை. பிள்ளை வீட்டைவிட்டு வெளியேறிய பின் ஊர்ப்பணம் அதைப் பின்தொடர்வதுண்டு. பின்வந்த நூற்றாண்டுகளில் சட்டங்கள் பலமுறை மாறின. இந்த அமைப்பு எளிதில் மாறவில்லை.

2. மேற்கு நோக்கிச் சென்ற ரயில்கள்

19ஆம் நூற்றாண்டின் நடுவில் நியூயார்க் நகரம் குடியேறிய ஏழைகளால் நிரம்பியிருந்தது. தெருக்களில் ஆயிரக்கணக்கான சிறுவர் அலைந்தனர். அவர்களுக்காக மனம் இரங்கியவர் சார்லஸ் லோரிங் பிரேஸ் (1826–1890). அவர் யேல் பல்கலைக்கழகத்திலும் நியூயார்க் யூனியன் இறையியல் கல்லூரியிலும் பயின்றவர். 1853இல் சிறுவர் உதவிச் சங்கத்தை நிறுவினார். பத்திரிகை விற்கும் சிறுவர்க்குத் தங்குமிடங்களும் ஏழைப் பிள்ளைகளுக்குத் தொழிற்பள்ளிகளும் அச்சங்கத்தின் நற்பணிகள். பகலில் தொழிற்பள்ளிக்கு வந்த பிள்ளை மாலையில் தன் வீட்டிற்கே திரும்பியது.

ஆயினும் பிரேஸின் பெயரை நிலைநிறுத்தியது மற்றொரு திட்டம். 1854இல் ஒரு குழு நியூயார்க்கிலிருந்து மிச்சிகன் மாநிலத்தின் டோவாஜியாக் என்னும் ஊருக்கு அனுப்பப்பட்டது. பிற்காலத்தில் "அநாதை ரயில்கள்" எனப் பெயர்பெற்ற இப்பயணங்கள் 1929 வரை நீடித்தன. பல நிறுவனங்கள் வழியாக ஏறத்தாழ 2,00,000 பிள்ளைகள் இவ்வாறு குடிபெயர்க்கப்பட்டனர் என மதிப்பிடப்படுகிறது. ஊர்மண்டபத்திலோ ஆலயத்திலோ பிள்ளைகள் நிறுத்தப்பட, விரும்பியவர் தெரிந்துகொண்டு சென்றனர். நல்ல வீடுகளில் அன்புடன் வளர்ந்தோர் உண்டு. கூலியில்லா வேலையாட்களாக நடத்தப்பட்டோரும் உண்டு.

இப்பிள்ளைகளில் பலர் அநாதைகள் அல்லர். தாயோ தந்தையோ உயிருடன் இருந்தவர்கள் அவர்களுள் மிகுதி. நோயாலும் வேலையின்மையாலும் பிள்ளையைக் கைவிட நேர்ந்த பெற்றோருக்கு அச்சங்கம் அளிக்கக்கூடிய உதவிகளுள் ஒன்று, பிள்ளையை அழைத்துச் செல்வதாகவே இருந்தது. பிரேஸ் பெரிய அநாதை இல்லங்களை எதிர்த்தவர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. குடும்பமே பிள்ளைக்குச் சிறந்த இடம் என்று அவர் உறுதியாக நம்பினார். ஆனால் அவர் மனத்திலிருந்த குடும்பம் மேற்குப் புலத்தின் புராட்டஸ்டன்ட் உழவர் குடும்பம். நியூயார்க்கின் நெரிசலான குடியிருப்பில் வாழ்ந்த ஏழைத் தாயின் வீட்டை அவர் அந்தச் சிறப்புக்கு உரியதாக எண்ணவில்லை. குடும்பத்தைப் போற்றிய இறையியலே ஏழையின் குடும்பத்தைக் கலைப்பதற்குத் துணைபோயிற்று. கத்தோலிக்கர் தம் பிள்ளைகளைப் புராட்டஸ்டன்ட் வீடுகளுக்கு இழந்துவிடுவோம் என அஞ்சித் தமக்கெனப் பெரிய இல்லங்களை எழுப்பினர். இரு சபைகளும் பிள்ளைகளுக்காகப் போட்டியிட்டன. அப்பிள்ளைகளின் தாய்மாரைப் பற்றி இரு சபைகளும் குறைவாகவே சிந்தித்தன.

3. 1909ஆம் ஆண்டின் அறிக்கை

1909 ஜனவரியில் குடியரசுத் தலைவர் தியோடோர் ரூஸ்வெல்ட் வெள்ளை மாளிகையில் ஒரு மாநாட்டைக் கூட்டினார். ஆதரவற்ற பிள்ளைகளின் பராமரிப்பே அதன் பொருள். மாநாட்டிற்காகப் பெரிதும் முயன்ற ஜேம்ஸ் வெஸ்ட் அநாதை இல்லத்தில் வளர்ந்தவர். ஜேன் ஆடம்ஸ், புக்கர் வாஷிங்டன் முதலியோரும் கலந்துகொண்டனர். வறுமை ஒன்றையே காரணமாகக் கொண்டு ஒரு வீடு கலைக்கப்படலாகாது, தகுதியுள்ள பெற்றோர் தம் பிள்ளைகளைத் தம்முடன் வைத்துக்கொள்ள உதவி அளிக்கப்பட வேண்டும் என்னும் கருத்தை மாநாடு ஏற்றது. ஆயினும் அவ்வுதவி அரசின் பணமாக இருப்பதைவிடத் தனியார் அறமாக இருப்பதே நலம் என்றும் அது கருதியது.

தனியார் அறம் அச்சுமையைத் தாங்கவில்லை. 1911இல் இலினாய் மாநிலம் தாய்மாருக்கு உதவித்தொகை வழங்கச் சட்டம் இயற்றியது. 1934க்குள் 48 மாநிலங்களில் 46 அவ்வழியைப் பின்பற்றின. இதனை எதிர்த்தவர்களுள் அறநிறுவனத் தலைவர்களே முன்னின்றனர் என்பது வியப்புக்குரியது. மேரி ரிச்மண்ட், எட்வர்ட் டெவைன் முதலிய புகழ்பெற்ற சமூகப் பணியாளர்கள், அரசுப் பணம் ஏழைகளின் தன்முயற்சியைக் கெடுக்கும் என்று வாதிட்டனர். 

உதவித்தொகை பெற்றோர் பெரும்பாலும் விதவைகள். கணவனால் கைவிடப்பட்டவரும் மணமாகாத தாய்மாரும் பல இடங்களில் விலக்கப்பட்டனர். 1931இல் எடுக்கப்பட்ட கணக்கின்படி, உதவி பெற்ற தாய்மாருள் கறுப்பினத்தவர் நூற்றுக்கு 3 பேர் மட்டுமே. கொள்கை அனைவருக்கும் உரியதாயிருந்தது. உதவியோ தகுதியுள்ளோர் என்று அதிகாரிகள் கருதியவர்க்கே கிட்டியது.

4. உறவினரின் பெயரைச் சொன்ன சட்டம்

1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் ஒரு பெரும் முன்னேற்றம். அதன் நான்காம் பகுதி, தாய் தந்தையரோடு மட்டுமன்றிப் பாட்டன், பாட்டி, உடன்பிறந்தார், மாமன், அத்தை முதலியோருடன் வாழும் பிள்ளைக்கும் உதவியை அனுமதித்தது. 1601இல் கடமைக்காக மட்டும் பாட்டியைப் பெயரிட்ட சட்டமரபு, இப்போது உதவிக்காகவும் அவளைப் பெயரிட்டது. ஆயினும் தொகை சிறிது. மைய அரசின் பங்கு முதற்பிள்ளைக்கு மாதம் 18 டாலர், அடுத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் 12 டாலர் என்னும் எல்லைக்குள் கணக்கிடப்பட்டது. பிள்ளையை வளர்ப்பவரின் உணவுக்கென்று எதுவும் சேர்க்கப்படவில்லை. அது 1950இல்தான் சேர்க்கப்பட்டது.

"தகுதியான வீடு" என்னும் விதியோ பல மாநிலங்களில் கூரிய ஆயுதமாயிற்று. 1960இல் லூயிசியானா மாநிலம், தாயார் மணமாகாது பிள்ளை பெற்றதைக் காரணங்காட்டி, ஏறத்தாழ 23,000 பிள்ளைகளுக்கான உதவியை நிறுத்தியது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் கறுப்பினப் பிள்ளைகள். எதிர்ப்பு எழுந்தபின், மைய அரசின் செயலர் ஆர்தர் ஃப்ளெமிங் 1961 ஜனவரியில் ஓர் ஆணை பிறப்பித்தார். வீடு தகுதியற்றது என்றால் அதனைச் சீர்செய்ய முயல வேண்டும், அன்றேல் பிள்ளையை வேறிடத்தில் சேர்க்க வேண்டும், பிள்ளையை அவ்வீட்டிலேயே விட்டுவிட்டு உணவை மட்டும் நிறுத்தலாகாது என்பது அதன் சாரம். அதே ஆண்டில், நீதிமன்ற ஆணையால் வீட்டிலிருந்து எடுக்கப்பட்ட பிள்ளைகளின் வளர்ப்புக்கு மைய அரசு பணம் தரத் தொடங்கியது. பிள்ளைகளைப் பட்டினியிலிருந்து காக்க எழுந்த இந்நல்ல ஆணை எதிர்பாரா விளைவைத் தந்தது. சீர்செய்வதற்கு உழைப்பு மிகுதியும் பணம் குறைவும் இருந்தன. அகற்றுவதற்கோ பணம் ஆயத்தமாக இருந்தது.

5. உறவே குற்றமாகக் கருதப்பட்டமை

அமெரிக்கப் பழங்குடியினரின் அனுபவம் இதனினும் கொடியது. பழங்குடிச் சமூகத்தில் பிள்ளை தாய்தந்தையருக்கு மட்டும் உரியதன்று. பாட்டன் பாட்டியரும் தாய்மாமன்மாரும் வளர்ப்புப் பொறுப்பைப் பகிர்ந்துகொள்வர். வெளியிலிருந்து வந்த சமூகப் பணியாளர்களோ, தாய் தன் பிள்ளையைப் பாட்டியிடம் விட்டிருப்பதையே புறக்கணிப்பு என்று எழுதினர். 1969இலும் 1974இலும் நடந்த ஆய்வுகள், பழங்குடிப் பிள்ளைகளில் நூற்றுக்கு 25 முதல் 35 பேர் வரை குடும்பத்தினின்று பிரிக்கப்பட்டிருந்ததைக் காட்டின. சபைகளின் விடுதிப் பள்ளிகளுக்கும் இப்பிரிவினையில் பங்குண்டு. 1978இல் இயற்றப்பட்ட இந்தியக் குழந்தை நலச் சட்டம், பிரிக்க நேரும் பிள்ளைக்கு விரிந்த குடும்பத்தாரின் வீட்டையே முதலில் நாட வேண்டுமென விதித்தது. 2023இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை நிலைநிறுத்தியது.

கறுப்பின மக்களின் நிலை வேறுவகையானது. அவர்களுடைய பிள்ளைகள் நெடுங்காலம் வெள்ளையரின் இல்லங்களில் சேர்க்கப்படவில்லை. உறவினரும் அயலாரும் சபையாருமே அவர்களைத் தாங்கினர். கரோல் ஸ்டாக் 1974இல் வெளியிட்ட ஆய்வு, ஏழைக் கறுப்பினப் பெண்கள் உணவையும் பணத்தையும் பிள்ளை வளர்ப்பையும் எவ்வாறு தமக்குள் பகிர்ந்துகொண்டனர் என்பதைக் காட்டியது. ஒழுங்கற்ற குடும்பம் என்று பிறர் இகழ்ந்த இடத்தில் உறுதியான ஓர் ஒழுங்கு இருந்தது.

6. மெல்லத் திரும்பும் சட்டம்

இலினாய் மாநிலத்தில் ஒரு மூத்த சகோதரி, அரசின் பொறுப்பிலிருந்த தன் தம்பி தங்கையரை ஏற்றுக்கொண்டாள். அந்நியர் வீட்டில் வளர்ந்தால் கிடைத்திருக்கும் முழுத்தொகையை மாநிலம் அவளுக்கு மறுத்தது. அவள் உறவினள் என்பதே மறுப்பின் காரணம். 1979இல் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைத் தள்ளுபடி செய்தது. 1980ஆம் ஆண்டுச் சட்டம், பிள்ளையை அகற்றுமுன் குடும்பத்தைக் காக்கத் தக்க முயற்சி செய்யப்பட வேண்டும் என்றது. ஆயினும் அகற்றப்பட்ட பிள்ளைகளுக்கான நிதிக்கு வரையறை இல்லை. தடுப்புப் பணிக்கான நிதிக்கோ உச்சவரம்பு இருந்தது.

இதற்கிடையில் 1974இல் வாஷிங்டன் மாநிலத்தின் டக்கோமா நகரில், ஒரு கத்தோலிக்கச் சேவை நிறுவனத்தின் கீழ், "ஹோம்பில்டர்ஸ்" என்னும் முயற்சி தொடங்கியது. பணியாளர் சில வாரங்கள் வீட்டிற்கே சென்று குடும்பத்தோடு நெருங்கி உழைப்பது அதன் முறை. பிற மாநிலங்கள் அதனைப் பின்பற்றின. இலினாயில் நடந்த பெரும் ஆய்வொன்றின் முடிவு 1994இல் வெளியானபோது, இத்தகைய சேவையால் பிள்ளைகள் அகற்றப்படுவது குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என்பது தெரிந்தது. ஆண்டுகளாகச் சேர்ந்த வறுமையைச் சில வார ஆலோசனை தீர்த்துவிடாது.

2008ஆம் ஆண்டுச் சட்டம், பிள்ளை அகற்றப்பட்ட 30 நாளுக்குள் உறவினருக்கு அறிவிக்க வேண்டுமென்றும், பாதுகாவலராகும் உறவினருக்குத் தொகை வழங்கலாமென்றும் கூறியது. 2018ஆம் ஆண்டுச் சட்டம், அகற்றுவதற்கு முன்னரே பெற்றோருக்கும் உறவினருக்கும் சேவை அளிக்க மைய நிதியைத் திறந்தது. மனநலம், போதைப்பழக்கச் சிகிச்சை, பிள்ளை வளர்ப்புப் பயிற்சி ஆகியவை அதில் அடங்கும். வீட்டு வாடகையும் உணவும் அடங்கா. அகற்றப்படும் பிள்ளைகளுள் பாதிக்கு மேற்பட்டோரின் கோப்புகளில் காணப்படும் காரணம் "புறக்கணிப்பு" என்பதாகும். அச்சொல்லுக்குள் வெறும் வறுமை எவ்வளவு ஒளிந்திருக்கிறது என்பது அந்நாட்டில் ஓயாத வழக்காகவே உள்ளது.

7. நமக்குரிய கேள்வி

அடியும் கொடுமையும் உள்ள வீட்டிலிருந்து பிள்ளையைக் காப்பாற்றி அகற்ற வேண்டிய வேளைகள் உண்டு. இதனை மறுப்போர் பிள்ளைக்குத் தீங்கு செய்வர். உறவினர் எல்லாரும் நல்லவர் என்பதும் உண்மையன்று. இவ்வரலாறு எழுப்பும் கேள்வி வேறு. சரியான கொள்கை 1909இலேயே அறிவிக்கப்பட்டும் நூறாண்டுகளுக்கு மேலாக நடைமுறை ஏன் பின்தங்கியது? பணம் பிள்ளையோடு வெளியேறியதேயன்றி வீட்டுக்குள் வரவில்லை என்பதே விடை. வீட்டிற்குள் சிறிதளவு வந்தபோதும், வறியவரின் ஒழுக்கத்தைச் சோதித்த பின்னரே வந்தது.

நம் நாட்டின் 2015ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டம், நிறுவனப் பராமரிப்பு இறுதி வழியாகவே இருக்க வேண்டும் என்கிறது. விதவைத் தாயின் பிள்ளைக்கும், பெற்றோரை இழந்து உறவினருடன் வாழும் பிள்ளைக்கும் நிதி ஆதரவு வழங்கவும் அது இடமளிக்கிறது. 2022இல் வகுக்கப்பட்ட வழிகாட்டு நெறிகளில் அத்தொகை மாதம் 4,000 ரூபாய். இவ்வாதரவைப் பற்றி எத்தனை சபையார் அறிவர் என்பதை ஒவ்வொரு போதகரும் தம் சேகரத்தில் வினவிப் பார்க்கலாம். சபை விடுதிகள் செய்துவந்த நன்மைகள் பல. எனினும் பேரப்பிள்ளைக்கு விடுதியில் இடம் கேட்டு ஒரு பாட்டி வரும்போது, இடம் உண்டா என்று பார்ப்பதற்கு முன், அப்பிள்ளையை அவளே வைத்துக்கொள்ள என்ன வேண்டும் என்று கேட்பது முறை. பெரும்பாலும் அவள் கேட்கப்போவது அரிசியும் பள்ளிக் கட்டணமும் மருந்துச் செலவுமாகவே இருக்கும்.

கடன்காரன் தன் இரு குமாரரையும் அடிமைகளாக்கிக்கொள்ள வந்திருக்கிறான் என்று முறையிட்ட விதவையிடம், எலிசா அப்பிள்ளைகளுக்கு வேறிடம் தேடவில்லை. அவளிடம் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார். கடன் தீர்ந்தது. மீந்ததைக்கொண்டு அவளும் அவள் பிள்ளைகளும் பிழைக்கும்படியாயிற்று. பிள்ளைகளுக்கான நம் ஊழியங்களின் வரவுசெலவுக் கணக்கை அந்நிகழ்ச்சியின் ஒளியில் ஒருமுறை வாசிப்பது நமக்குத் தகும்.