காணிப் பதிவேட்டிற் கண்ட பெயர்: வேர்ஜீனியாவின் ஒப்பந்த ஊழியர் பற்றிய குறிப்பு

ஐக்கிய அமெரிக்காவிலே தம் குடிவழியைத் தேடுவோருட் பலர், 17ஆம் நூற்றாண்டு வேர்ஜீனியாவின் காணிப் பதிவேடுகளில் முன்னோர் ஒருவரின் பெயரைக் கண்டதும், அவர் வந்திறங்கிய ஆண்டையும் கண்டுவிட்டதாகவே கொள்கின்றனர். அப்பதிவேடுகள் எதற்காக எழுதப்பட்டன என்று வினவாதவிடத்து இம்மயக்கம் தவிர்க்கவியலாதது.

1618இல் வேர்ஜீனியாக் கம்பனி வகுத்த முறைப்படி, ஓர் ஆளின் கடற்பயணச் செலவை ஏற்றவருக்கு 50 ஏக்கர் நிலம் உரியதாயிற்று. புகையிலைச் செய்கைக்கு நிலமும் உழைப்பும் ஒருங்கே வேண்டப்பட்ட காலம் அது. பயணச் செலவுக்கு வழியற்ற ஏழை, பெரும்பாலும் நான்கு தொடக்கம் ஏழாண்டு வரையான தன் உழைப்பை எழுதிக்கொடுத்தான்; அவனை ஏற்றுவித்தவனோ உழைப்போடு நிலத்தையும் பெற்றான். எனவே பதிவேட்டிலுள்ள பெயர் வந்தவரை நினைவுகூர எழுதப்பட்டதன்று. நிலங் கோரியவர் காட்டிய பற்றுச்சீட்டே அது. அவ்வுரிமை விற்கப்பட்டுக் கைமாறியது. ஒரே ஆளின் பெயரிற் கப்பற்றலைவனும் வணிகனும் தோட்ட உரிமையாளனும் தனித்தனியே காணி கோரியதுமுண்டு. ஆள் வந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரே காணி வழங்கப்பட்டிருக்கவுங் கூடும்.

1635இல் ஜோர்ஜ் மெனிஃபி என்பார் காணி பெறக் காட்டிய பெயர்களுள் 'கிழக்கிந்தியர் டோனி' என்பதும் ஒன்று. அவரைச் சோழமண்டலக் கரையினராகக் காணும் ஆவல் நமக்கெழுவது இயல்பே. பிரிந்தா சாரி 2023இல் வெளியிட்ட ஆங்கில நாவலும் அவ்வாறே புனைந்துள்ளது. புனைகதைக்கு அது தகும். பதிவேடோ ஊரையும் மொழியையும் சுட்டவில்லை. காணி கோருபவருக்கு அவை வேண்டியிருக்கவில்லை.

பிரிஸ்டல் நகரத்துப் பதிவேடு வேறு வகையினது. ஆட்கடத்தல் பற்றிய முறைப்பாடுகள் மலிந்தமையால், கப்பலேறும் ஊழியரைப் பதியுமாறு நகரசபை 1654இற் பணித்தது. 1686 வரையில் 10,000க்கு மேற்பட்ட பெயர்கள் அதிலுள்ளன. தொடக்க ஆண்டுகளில் ஊர், தொழில், ஒப்பந்தக் காலம் ஆகியனவும் காணப்படுகின்றன. பின்னர் எழுதுவினைஞர் சலித்தனர் போலும், விவரங்கள் அருகுகின்றன.

இவ்விருவகைப் பதிவுகளிலும் ஊழியரின் செயலைக் காண்பதரிது. அதற்கு நீதிமன்றக் குறிப்புகளையே நாடவேண்டும். 1640இல் எசமானிடமிருந்து மேரிலாந்துக்குத் தப்பியோடிய மூவர் பிடிபட்டனர். மூவருக்கும் கசையடி கிடைத்தது. ஐரோப்பியர் இருவருக்கும் ஊழியம் நான்காண்டு நீடிக்கப்பட்டது. கறுப்பரான ஜோன் பஞ்ச் ஆயுள் முழுவதும் ஊழியஞ் செய்யுமாறு விதிக்கப்பட்டார். ஒன்றாக ஓடியவர்களை நிறத்தாற் பிரித்த இத்தீர்ப்பு, 1705இல் வேர்ஜீனியாவின் அடிமைச் சட்டத் தொகுப்பு எழுவதற்கு 65 ஆண்டுகள் முற்பட்டது. அந்த ஜோன் பஞ்ச், பராக் ஒபாமாவின் தாய்வழி முன்னோராயிருக்கக் கூடுமென 2012இற் குடிவழி ஆய்வாளர் சிலர் ஆவணங்களையும் மரபணுச் சோதனையையும் கொண்டு முடிவு செய்தனர், அத்தாயோ வெள்ளையர்.