ஈடு வைக்க முடியாத சீதனம்: யாழ்ப்பாணத் தீவுகளில் பெண்களும் கட்டுமான மூலதனமும்

நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலுக்கும் நாகவிகாரைக்கும் வருவோர் தங்க நான்கு அறை கட்ட நினைக்கும் பெண்ணிடம் பல வேளைகளில் காணி இருக்கிறது. தாய்வழி வந்த சீதன வளவு அது. கட்டப் பணம் கேட்டுப் போனால் வங்கி ஈடு கேட்கிறது. அலுவல் அங்கேயே நின்றுவிடுகிறது. தீவகப் பெண்களுக்கு மூலதனம் எட்டாததற்கு வட்டி வீதத்தையும் அனுபவக் குறைவையும் முதலிற் சொல்வது வழக்கம். சொந்தக் காணியின்மேல் அவர்களுக்குள்ள உரிமையைச் சட்டம் பாதியில் நிறுத்தியிருப்பதே முதற்காரணம் என்பது என் வாதம்.

ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமை, பெண்ணுக்குச் சொத்தைத் தாராளமாகவே தந்தது. ஆனால் 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, மணமான பெண் தன் அசையாச் சொத்தை உயிருடன் இருக்கையில் கையாளக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்கிறது. பொதுச் சட்டத்துக்குட்பட்ட பெண்கள் இத்தகைய கட்டிலிருந்து 1923இல் வந்த ஒரு சட்டத்தாலேயே விடுபட்டனர். தேசவழமைக்குட்பட்டோர் அச்சட்டத்துக்குப் புறம்பாகவே விடப்பட்டனர். மரண சாசனம் எழுதச் சம்மதம் தேவையில்லை. ஈடு வைக்கத் தேவை. தன் சாவுக்குப் பின் காணியை விரும்பியவருக்குக் கொடுக்கலாம், வாழும்போது அதைக் கொண்டு வீடு கட்ட முடியாது என்பதை எந்த நியாயத்தால் ஏற்பது?

கணவன் போரில் காணாமற்போன குடும்பங்களில் இது மேலும் கொடியது. மரணப் பதிவுச் சட்டத்துக்கு 2016இல் வந்த திருத்தத்தின் கீழ் 'காணாமற்போனமைச் சான்றிதழ்' பெறலாம். அது காணாமற்போனவரின் சொத்தையும் குடும்பத்துக்குரிய நலன்களையும் பற்றியது. மனைவியின் சீதனக் காணிக்குரிய 1911ஆம் ஆண்டு விதியோ அப்படியே கிடக்கிறது. அவருக்கு மிஞ்சுவது, கணவனின் சம்மதமின்றிக் காணியைக் கையாள அனுமதி கேட்டு மாவட்ட நீதிமன்றத்துக்கு மனுச் செய்யும் வழி. நெடுந்தீவிலிருந்து ஒவ்வொரு தவணைக்கும் படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். வழக்குச் செலவே ஒரு சிறு அத்திவாரத்தின் செலவாகிவிடும்.

காணி உறுதியைப் புரட்டினால் அடுத்த முடிச்சு தெரியும்: பிரிக்கப்படாத பங்குகள், எல்லைக் காணிக்காரராக என்றோ இறந்தவர்களின் பெயர்கள், கையொப்பமிட வேண்டிய பங்காளிகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும். 1990இல் தீவுகளைவிட்டு இடம்பெயர்ந்தபோது ஆவணங்களைத் தொலைத்தோரும் உளர்.

சம்மத விதி குடும்பக் காணியைக் காக்கிறது என்போரின் அச்சத்தை நான் தள்ளிவிடவில்லை. வடக்கில் நுண்கடன் பெண்களை எப்படி வாட்டியது என்பதைக் கண்டோம். வரட்சி மாவட்டங்களில் 2018இல் அரசே கடன் தள்ளுபடிக்கு இறங்க வேண்டியிருந்தது. ஆனால் அந்தக் கடன்கள் பெரும்பாலும் ஈடில்லாதவை. கணவனின் கையொப்பம் அங்கே யாரையும் காக்கவில்லை. பெண்ணைக் காக்க வேண்டியது கடனின் அமைப்பே.

அத்தகைய அமைப்புக்கு முன்மாதிரி உண்டு. போருக்குப் பின் வந்த இந்திய அரசின் வீடமைப்புத் திட்டம் ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபாயைப் பயனாளியின் கையிலேயே, வேலை முன்னேற முன்னேறத் தவணைகளாகக் கொடுத்தது. காணி ஈடாகவில்லை. மானியம் போதாமல் கடன்பட்டோர் பலர் என்றாலும், அத்திவாரம், லிண்டல், கூரை எனப் படிப்படியாகப் பணம் விடும் முறை கடனுக்கும் பொருந்தும். 6ஆம் பிரிவிலுள்ள சம்மத வாசகத்தை நீக்கி, சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக, குடியிருக்கும் வளவை ஏலத்துக்கு உட்படுத்தாத நீண்டகாலக் கடன் வழங்கப்பட வேண்டும். மதிப்பீட்டில் படகுக் கூலிக்குத் தனி ஒதுக்கீடு இருக்க வேண்டும்: நெடுந்தீவுக்குப் போகும் சீமெந்துப் பை குறிகட்டுவானில் லொறியிலிருந்து படகுக்கும், மறுகரையில் படகிலிருந்து உழவு இயந்திரத்துக்கும் ஆள்தோளில் மாறுகிறது, யாழ்ப்பாண நகர விலையில் போடும் கணக்கு கூரைக்கு முன்பே தீர்ந்துவிடும்.