செயின் வேண்டாமென்ற சைக்கிள்

1898ஆம் வருடத்துக் கொலம்பியா சைக்கிளை வலப்பக்கம் குனிந்து பார்த்தால் எதையோ காணோம் என்று தோன்றும். செயின் இல்லை, செயினை மூடும் தகடும் இல்லை. பெடலிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் ஃபிரேம் குழாய் மட்டும் கொஞ்சம் பருத்திருக்கும். சங்கதி அதற்குள் இருக்கிறது. பெடல் அச்சில் கூம்பு வடிவப் பல்சக்கரம் ஒன்று. அது தன் ஜோடிப் பல்சக்கரத்தின் வழியாகக் குழாய்க்குள் படுத்திருக்கும் எஃகுத் தண்டைச் சுழற்றும். தண்டின் மறுமுனையிலும் அப்படியொரு ஜோடி. அது பின்சக்கரத்தை உருட்டும்.

இந்தத் தண்டு பிறந்தது ஒரே சமயத்தில் இரண்டு இடங்களில். 1890இல் லண்டனில் ஃபியர்ன்ஹெட், அமெரிக்காவில் வால்டர் ஸ்டில்மன், ஒருவரையொருவர் அறியாமலே யோசித்தார்கள். 1891இல் இருவருக்கும் காப்புரிமை கிடைத்தது. அன்றைய செயின் திறந்து கிடந்தது. சேறும் புழுதியும் அப்பும், நீளப் பாவாடையைக் கவ்வும். அப்போதுதான் பெண்கள் சைக்கிள் ஏற ஆரம்பித்திருந்தார்கள். வேட்டி நுனியைச் செயினுக்குக் கொடுத்துவிட்டு நடுரோட்டில் பெடலைப் பின்னால் சுற்றியவர்களுக்கு அந்தச் சங்கடம் புரியும்.

ஹார்ட்ஃபோர்டில், கொலம்பியாவைத் தயாரித்த ஆல்பர்ட் போப்பின் கம்பெனி இதைப் பெரிய அளவில் சந்தைக்குக் கொண்டுவந்தது. விலை 125 டாலர். அதே கம்பெனியின் செயின் சைக்கிள் 75தான். அந்த வித்தியாசம் பல்லுக்குக் கொடுத்த விலை என்பேன். எஃகுப் பல்லைச் சூடேற்றிக் கடினமாக்கினால் லேசாகக் கோணிக்கொள்ளும். அதன்பிறகு சாணைபிடித்து நேராக்க வேண்டும். டெட்ராய்ட்டில் ஹென்றி லேலண்டின் பட்டறை இதில் கைதேர்ந்தது.

இருந்தும் தண்டு சைக்கிளில் நிலைக்கவில்லை. பல்லில் குறையில்லை, காலில்தான். மனிதக் கால் மோட்டார்போல ஒரே சீராகச் சுற்றாது. ஒவ்வொரு மிதிக்கும் ஃபிரேம் மயிரிழை முறுக்கிக்கொள்ளும். செயின் தொளதொளப்பானது, அதைத் தாங்கிக்கொள்ளும். கூம்புப் பற்கள் மயிரிழை விலகினாலும் உரசும், தேயும். போதாக்குறைக்கு, பஞ்சர் ஒட்டப் பின்சக்கரத்தைக் கழற்றுவதே ஒரு வேலை.

இதற்குள் ஹான்ஸ் ரெனால்டு 1880இலேயே மான்செஸ்டரில் உருவாக்கிய உருளைச் செயின் மலிவாகி எங்கும் பரவிவிட்டது. தண்டு இடம் மாறியது. சைக்கிளிலும் அதைப் பொருத்திப் பார்த்த பெல்ஜியத்துத் துப்பாக்கிக் கம்பெனி எஃப்.என்., 1905இல் தன் நாலு சிலிண்டர் மோட்டார் சைக்கிளுக்கு அதைப் போட்டது. 1923இல் பி.எம்.டபிள்யூ.வின் முதல் வண்டி ஆர்32 தண்டோடுதான் வந்தது. லேலண்டோ 1902இல் கேடிலாக் கார் பக்கம் போய்விட்டார்.

சைக்கிளில் செயினோடு இப்போது மல்லுக்கட்டுவது கார்பன் இழை பெல்ட். எண்ணெய் கேட்காது, துருப்பிடிக்காது, சத்தமும் இல்லை. ஆனால் செயின்போல நடுவில் பிரித்துக் கோர்க்க முடியாது, முழு வளையம். அதை உள்ளே நுழைப்பதற்காகவே ஃபிரேமின் பின்பக்கக் குழாயை ஓரிடத்தில் வெட்டி, போல்ட்டுப் போட்டு வைத்திருப்பார்கள்.