கொழும்புத் துறைமேடை

கொழும்புத் துறைமுகத்துக்கு அலைதடுப்பணை முன்னே வந்தது. பெருங்கப்பல் அணைந்து நிற்கும் துறைமேடை பின்னே வந்தது. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 70 ஆண்டுகள் கழிந்தன என்பதை நம்மிற் பலர் அறியோம்.

ஒரு காலத்தில் தூரதேசக் கப்பல்கள் காலியையே நாடின. காலித் துறையோ பாறைகள் மலிந்தது. ஆதலால் அரசாங்கத்தார் கொழும்பைத் தெரிந்தெடுத்தனர். சேர் ஜோன் கூட் என்னும் பொறியியலாளர் வகுத்த திட்டத்துக்கு 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். 4,212 அடி நீளமான தென்மேற்கு அணை 1885 இல் முற்றுப்பெற்றது. அதற்கு வேண்டிய கருங்கல்லை மஹரவிலே சிறைக் கைதிகள் உடைத்தனர். இளவரசர் நாட்டிய ஒரு கல்லைப் பேசுவோர், அவர்கள் உடைத்த கற்களைப் பேசுவது அரிது.

அணையினுள்ளே கப்பலுக்குக் காவல் கிடைத்தது, கரை கிடைக்கவில்லை. கப்பல்கள் நடுநீரிலே கட்டுண்டு நின்றன. அரிசி மூட்டையும் தேயிலைப் பெட்டியும் லைட்டர் என்னும் தட்டைப் படகுகளில் ஏறியிறங்கின. ஒரே மூட்டை கப்பலிலிருந்து படகுக்கும் படகிலிருந்து கரைக்குமாக இருமுறை தொழிலாளர் கைப்பட்டது. காலமும் கூலியும் இதனாற் பெருகின. ஆயினும் பல குடும்பங்களின் அடுப்பு எரிந்ததும் இதனாலேயே; அதனையும் நாம் மறத்தலாகாது.

1954 இல் எலிசபெத் மகாராணியார் இலங்கைக்கு வந்தார். அவர் பெயர் பூண்ட துறைமேடை அவ்வாண்டிலே திறக்கப்பட்டது. கப்பல் மேடையோடு அணைந்து நின்றது.

அம்மேடையும் நெடுங்காலம் போதியதாகவில்லை. மூட்டையின் இடத்தைக் கொள்கலன் பிடித்தது. 40 அடி நீளமான இரும்புப் பெட்டியொன்று நிறையும்போது சுமார் 30 தொன் எடையாகும். அதைத் தூக்கும் பாரந்தூக்கியோ பல நூறு தொன் எடையோடு மேடையின் விளிம்பிலே நிற்பது. கப்பலும் ஆழமான நீரைக் கேட்டது. அடியைத் தோண்டிவிட்டால் ஆயிற்றே என்று நாம் எண்ணலாம். ஆனால் துறைமேடையின் சுவர் தன் பின்னுள்ள மண்ணைத் தாங்கி நிற்பது. அதன் பாதத்தை அளவுக்கு மேல் தோண்டினால் சுவரே கடலை நோக்கிச் சரியும். அதனாலேதான் பழைய மேடையை ஆழமாக்குவது புதிய மேடையைக் கட்டுவதற்கு ஒப்பான வேலையாகிறது. பழுது பார்த்தல் என்ற சொல் இதற்குப் பொருந்தாது.

மகாராணி துறைமேடை 1980 இல் கொள்கலன் இறங்குதுறையாயிற்று. 1999 இல் 30 ஆண்டு ஒப்பந்தத்தின்படி கூட்டு நிறுவனமொன்றிடம் அது ஒப்படைக்கப்பட்டது. மீள்கட்டுமானம் 2003 இல் முடிந்தபோது 940 மீற்றர் நீளமும் 15 மீற்றர் ஆழமும் கிடைத்தன. அடுத்த பத்தாண்டுக்குள் அந்த ஆழமும் பழங்கதையாயிற்று: 2013 இல் தெற்குத் துறைமுகத்தின் முதல் இறங்குதுறை 18 மீற்றர் ஆழத்தோடு திறக்கப்பட்டது. அதற்கென மேற்கே கடலுக்குள் எழுந்த புதிய அணை பருவக்காற்றின் அலையைத் தாங்குகிறது; கைதிகள் உடைத்த கல்லாலான பழைய அணை இப்போது அதற்கு உட்புறத்திலே நிற்கிறது.