இயந்திரத்தைத் துயிலெழுப்பும் உரிமை

மடிக்கணினியொன்று இயங்க மறுக்கின்றது. விசையை அழுத்தினால் விளக்கு எரிகின்றது, விசிறி சுழல்கின்றது, திரையில் மட்டும் எதுவும் தோன்றவில்லை. இயந்திரம் செத்துவிட்டதென்றே பலரும் முடிவு கட்டுகின்றனர். ஆயின் சில வேளைகளிற் பழுதுற்றிருப்பது இயந்திரமன்று. அதனை ஆளும் பணிசெயல் முறைமையே. அதனை நீக்கிப் புதிதாக நிறுவிவிட்டால் இயந்திரம் மீண்டும் எழுந்துவிடுகின்றது. இச்சிறு வேலைக்குப் பின்னால் முக்கால் நூற்றாண்டு வரலாறு உண்டு. இயந்திரத்தைத் துவக்கும் ஆணை யார் கையில் இருக்கின்றது என்பதே அவ்வரலாற்றின் மையக் கேள்வியாகும்.

ஆணையின்றிக் கணினி எதனையும் செய்யாது. ஆணைகளை நினைவகத்தில் ஏற்றுவதற்கும் ஓர் ஆணை வேண்டும். அம்முதலாணையை ஏற்றுவது யார்? தன் காலணியின் வாரைத் தானே பிடித்துத் தன்னைத் தூக்கிக்கொள்வது போன்ற இச்சிக்கலிலிருந்தே 'பூட்' என்னும் சொல் பிறந்தது. 1952இல் அறிமுகமான ஐ.பி.எம். 701 கணினியில் இதற்கென ஒரு பொத்தான் இருந்தது. 1975இல் வெளிவந்த அல்டெயர் 8800 என்னும் சிறு கணினியிலோ, முகப்பிலுள்ள ஆளிகளை மேலும் கீழுமாகத் தள்ளி, உரிமையாளரே முதலாணைகளைப் புகுத்த வேண்டியிருந்தது. மின்சாரம் நின்றால் அத்தனையும் மறைந்துபோம். மீண்டும் தொடங்க வேண்டும். உழைப்புக் கடினமே. எனினும் இயந்திரம் எவ்வாறு விழிக்கின்றது என்பதை அதனை இயக்கியவன் அறிந்திருந்தான்.

1981இல் ஐ.பி.எம். தனியாட் கணினி வந்தபோது, துவக்க ஆணைகள் அழியா நினைவகச் சில்லொன்றிற் பொதிக்கப்பட்டன. வேலை இலகுவாயிற்று, அதே வேளை அவ்வாணைகள் ஒரு நிறுவனத்தின் உடைமையுமாயின. அதனை உடைத்தவர்கள் கொம்பாக் நிறுவனத்தின் பொறியியலாளர்கள். ஐ.பி.எம்மின் ஆணைநிரலைக் கண்ணாற் காணாதவர்களைக் கொண்டே, அதன் செயல்களை மட்டும் விவரித்து, புதிய நிரலொன்றை எழுதுவித்தனர். போட்டி பெருகிற்று, கணினியின் விலை வீழ்ந்தது.

ஆனால் உடைமையின் பிடி தளரவில்லை; இடம் மாறிற்று. உற்பத்தியாளர் விற்கும் ஒவ்வொரு கணினிக்கும், அதில் மைக்ரோசொப்டின் முறைமை இருப்பினும் இல்லாவிடினும், அந்நிறுவனத்துக்குக் கட்டணம் செலுத்தும் ஒப்பந்தங்கள் நிலவின. 1994இல் அமெரிக்க நீதித் திணைக்களத்துடன் ஏற்பட்ட இணக்கத்தின் பின்னரே அவ்வழக்கம் தடுக்கப்பட்டது. பிற்காலத்தில், மீள்நிறுவும் தட்டைக் கையிற் கொடுக்காது, வன்தட்டின் ஒரு மூலையிலேயே அதனை ஒளித்துவைத்து விற்கும் முறை பரவிற்று. வன்தட்டுப் பழுதானால் நோயாளியுடன் மருந்தும் அழிந்தது.

இதற்கு எதிரான நீரோட்டமும் உண்டு. எவரும் பயிலவும் திருத்தவும் பகிரவும் கூடிய முறைமையொன்றை ஆக்குவதாக 1983இல் ரிச்சர்ட் ஸ்டோல்மன் அறிவித்தார். 1991இல் ஹெல்சிங்கி மாணவரான லினஸ் தோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை வெளியிட்டார். 2000ஆம் ஆண்டில் வந்த நொப்பிக்ஸ், வன்தட்டைத் தொடாமலே இறுவட்டிலிருந்து முழு முறைமையையும் இயக்கிக் காட்டிற்று. விழிக்க மறுக்கும் மடிக்கணினியை இன்று நாம் யூ.எஸ்.பி. நினைவிக்குச்சியால் எழுப்புவதும் இவ்வழியே. முதலிற் குச்சியிலிருந்து இயக்கி, கோப்புகளைப் பிறிதோரிடத்திற் பிரதிசெய்து, அதன் பின்னரே பழையதை அழித்துப் புதியதை நிறுவுதல் முறையாகும்.

2012இல் விண்டோஸ் 8உடன் பரவிய 'பாதுகாப்பான துவக்கம்', கையொப்பமிடப்பட்ட நிரல்களை மட்டுமே துவக்கத்தில் அனுமதித்தது. முறைமை விழிக்குமுன்னரே புகும் தீநிரல்களைத் தடுப்பதால் அது பயனுடையதே. ஆயின் அதே காலத்து விண்டோஸ் ஆர்.டி. கருவிகளில் அப்பூட்டைத் திறக்கும் உரிமை பயன்படுத்துவோருக்கு வழங்கப்படவில்லை. காவலும் சிறையும் ஒரே கதவாய் அமைந்தன.

2024 ஜூலை 19ஆம் திகதி, கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான கோப்பொன்றால் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் எழ மறுத்தன. விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் தடுமாறின. எழ முடியாத இயந்திரத்தைத் தொலைவிலிருந்து குணப்படுத்துதல் அரிது. பெருந்தொகையான கணினிகளின் முன் தொழில்நுட்பத் தொழிலாளர் நேரிற் சென்று நின்று, ஒவ்வொன்றாகத் திறந்து, அந்த ஒரு கோப்பை நீக்கவேண்டியதாயிற்று. உலகைத் துயிலெழுப்பியது மனிதக் கரமே என்பதை நாம் மறந்துவிடலாகாது.

2025 ஒக்டோபர் 14ஆம் திகதி விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிவுற்றது. விண்டோஸ் 11 கோரும் பாதுகாப்புச் சில்லோ செயலியோ இல்லாத கணினிகள், உறுப்புத் தேயாமலே வழக்கொழிந்தவை எனப்படுகின்றன. அவற்றிற் பலவற்றை லினக்ஸ் நிறுவி இன்னும் பல்லாண்டு பயன்படுத்தலாம். வறிய மாணவனொருவனுக்கு இது கல்விக்கும் கல்வியின்மைக்கும் இடைப்பட்ட வேறுபாடாகும். ஆகவே, கணினியைப் பயன்படுத்தக் கற்பிக்கும் பாடசாலைகள், வீழ்ந்த கணினியை மீள எழுப்பவும் கற்பித்தல் வேண்டும். விலை கொடுத்து வாங்கிய பொருளை எழுப்ப இன்னொருவரின் அனுமதிக்காகக் காத்திருக்கும் வரை, அது முழுமையாக நம்முடையதாகிவிடாது.